நண்டைக் கூட்டிக்கிட்டு சாஃப்ட்வேர் வாங்கப் போனேன்

போன மாசம் ஒரு புதன்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மகளுக்கு ஒரு சாஃப்ட்வேர் பார்த்து முடிக்கணும்.

என்ன, மாப்பிள்ளை பார்த்து முடிக்கற மாதிரி சொல்றேனேன்னு நினைக்கறீங்களா? மாப்பிள்ளைன்னா இந்நேரம் நிச்சயமே முடிஞ்சிருக்கும்.

என் மக நிவி பி.காம். முடிச்சவ. மூணு வருஷமும் புத்தகத்தைத் தொட்டதைவிட கம்ப்யூட்டர்ல ரெக்கை முளைச்ச யானை, மூணு வால் பல்லின்னு எதையாவது வரைஞ்சு அதை ஆட வெச்சதுதான் அதிகம். ஒரு அனிமேஷன் கம்பெனிக்கு பயிற்சி வேலை கேட்டு எழுதிப் போட்டா. அவங்களும் ஒரு பரீட்சை வெச்சாங்க. ஏதாவது ஒரு பிராணியை நீயே உருவாக்கு, பத்து செகண்டு நடக்க விடு, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பு.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துல கிரேன் ஓட்டறவர். வீட்டுலயும் உச்சியில உக்காந்துக்கிட்டு பேசற மாதிரிதான் பேசுவார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் பிராணி நடந்தா சரி. நடக்கலைன்னா திங்கக்கிழமை காலையில பேங்க் கோச்சிங்ல போய் உக்காரணும். அப்புறம் இந்தப் பல்லிக் கதையே இந்த வீட்டுல பேசக்கூடாது."

நிவி சரின்னு தலையாட்டினா. தலையாட்டிட்டுப் போய் மூணு வாரம் சாஃப்ட்வேர் தேர்ந்தெடுத்தா.

மூணு வாரம்! நோட்டுல கட்டம் போட்டு, மேல சாஃப்ட்வேர் பேரு, பக்கத்துல அது என்னென்ன செய்யும்னு எழுதி, டிக்கு, பெருக்கல் குறி, கேள்விக்குறி. ஒண்ணு முடிக்கு நல்லதாம். ஒண்ணு தசைக்கு நல்லதாம். ஒண்ணுல உருவம் செதுக்கலாமாம், ஆனா ஆட்ட முடியாதாம். பேரெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோஷ்டி இருக்கு, கமெண்ட்ல வந்து சண்டை போடுவாங்க. நம்ம தெருவுல தண்ணி லாரிகிட்ட நடக்கற சண்டை எவ்வளவோ மேல்.

"சரிடி, உன் பிராணி எங்கே?"ன்னு கேட்டேன்.

"சாஃப்ட்வேர் முடிவானதும் ஆரம்பிப்பேன்மா."

"என்ன பிராணி?"

"டிராகன்."

"பரீட்சை எழுதற அத்தனை பேரும் டிராகன்தான் அனுப்புவான். நீ நண்டு போடு. நம்ம பக்கத்துல டிராகனை யாரும் பார்த்ததில்ல, தப்பா நடந்தாலும் சொல்ல ஆள் இல்ல. நண்டைப் பார்க்காதவங்க யாரு?"

நல்லா யோசிச்சுப் பாருங்க. தப்பா நடந்தா கண்டுபிடிக்கவே முடியாத பிராணியை விட்டுட்டு, தப்பா நடந்தா காசிமேடு முழுக்க கண்டுபிடிச்சுடற பிராணியை நான்தான் அவ தலையில கட்டினேன். இது முதல் புத்திசாலித்தனம்.

ரெண்டாவது இது.

"இதுல எதுடி நல்லது?"

"இது போதும்மா. இதுல செதுக்கலாம், எலும்பு போடலாம், ஆட்டலாம், எல்லாம் ஒரே இடத்துல. சும்மாவே இறக்கிக்கலாம்."

"சும்மாவா?"

"ஆமா, இலவசம்."

"ஏன், யாரும் வாங்கலியா? சோப்புத் தூளோட சும்மா வந்த பக்கெட் ஞாபகம் இருக்கா? கைப்பிடி ஒரு வாரம் வரலை. சும்மா வர்றதை வெச்சு வேலை வாங்கப் போறியா? கிளம்பு, வண்ணாரப்பேட்டைக்குப் போறோம்."

அங்கே ஒரு புடவைக் கடை மாடியில அனிமேஷன் சொல்லிக் கொடுக்கற இடம் ஒண்ணு இருக்கு. படிப்பு, சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்னு வாசல்ல பானர் தொங்கும்.

வண்ணாரப்பேட்டையில எனக்கு ஒரு பேரு உண்டு. பாத்திரக் கடையில குடம் வாங்கினா கடைக்காரர்கிட்டயே தண்ணி கேட்டு, ரொப்பி, அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சு, அடியில கையை வெச்சுத் துடைச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன். ஒழுகலைன்னு அவர் சத்தியம் பண்ணினாலும் சரி. அவருக்கு சத்தியம் வரும், எனக்குத் தண்ணி வேணும்.

சாஃப்ட்வேரையும் அப்படித்தான் பார்க்கணும்னு முடிவு பண்ணேன். நண்டை நடக்க வெக்குதான்னு பார்க்க நண்டு வேணுமில்ல?

காசிமேட்டுல மீன் விக்கற தேசம்மாகிட்டதான் எனக்கு வாடிக்கை.

"இன்னா விமலாம்மா, ஒரே ஒரு நண்டா? வூட்ல சண்டையா?"

"சமைக்க இல்ல தேசம்மா. கம்ப்யூட்டர்ல நடக்க வெக்கணும்."

தேசம்மா நண்டைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. நிவியைப் பார்த்தா.

"தரையிலயே நல்லா நடந்துகினு கீற நண்டை இன்னாத்துக்குமா கம்ப்யூட்டர்ல நடக்க வெக்கிறீங்கோ?"

நல்லதா ஒண்ணு எடுத்துக் கொடுன்னேன்.

ரெண்டு கொடுக்கையும் நைலான் கயித்துல இறுக்கிக் கட்டின ஒரு பெரிய சேத்து நண்டா பார்த்து எடுத்துக் கொடுத்தா. "கட்டை மட்டும் அவுத்துடாத. வெரலு பூடும்."

"இருபத்தாறு வருஷமா நண்டு கழுவறேன், எனக்கா சொல்றே?"

ஒயர் கூடையில ஈரச் சாக்கு விரிச்சு, நண்டை வெச்சு, ஷேர் ஆட்டோ ஏறினோம். கூடையில சரக் சரக்னு சத்தம். எதிர்ல உக்காந்திருந்தவர் ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கிக்கிட்டார். நிவி நான் யாரோ எவரோங்கற மாதிரி ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்தா.

மாடிக்குப் போனோம். செருப்பை வெளியிலயே விடச் சொல்லி போர்டு. உள்ளே ஏசி. வாசல்ல ரிஜிஸ்டர், அதுல நிவி பேரை எழுதி போன் நம்பர் போட்டேன். இந்த ரிஜிஸ்டரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கவுன்சிலர்னு ஒரு பொண்ணு, பிரீத்தி. எடுத்த உடனே இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா. எங்க கான்வென்ட் சிஸ்டர் ஸ்கேல்ல அடிச்சு ஏத்தின இங்கிலீஷ் எனக்குள்ள முப்பது வருஷமா வேலையில்லாம உக்காந்திருக்கு. நானும் இறக்கினேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இங்கிலீஷ்ல மோதிக்கிட்டோம். அவளுக்கு மூச்சு வாங்கினதும் தமிழுக்கு வந்தா.

"மேம், இந்த சாஃப்ட்வேர்தான் இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்."

"எந்த இண்டஸ்ட்ரி? நாங்க எண்ணூர் ரோட்டுலதான் இருக்கோம். இண்டஸ்ட்ரியோட ஸ்டாண்டர்ட் என்னன்னு தினமும் மூக்காலேயே பார்க்கறோம்."

"மா..."ன்னு நிவி என் கையைக் கிள்ளினா.

பிரீத்தி டெமோ காட்ட ஒரு சாரைக் கூப்பிட்டா. கழுத்துல ஐடி கார்டு, சட்டையில டிராகன். பெரிய திரையில ஒரு டைனோசரை ஓட விட்டார். நல்லாத்தான் ஓடிச்சு.

"இது நீங்க பண்ணதா சார்?"

"இல்ல மேம், கூடவே வரும். சாம்பிள்."

"அப்ப எங்க சாம்பிளை ஓட விடுங்க"ன்னு கூடையை மேசை மேல வெச்சேன்.

பிரீத்தி நாற்காலியோட பின்னால உருண்டா. சார் மட்டும் தைரியமா எட்டிப் பார்த்தார். கொடுக்கு கட்டியிருக்கறதைப் பார்த்த தைரியம்.

"ஸ்பைடர்னு ஒரு செட்டிங் இருக்கு மேம். எட்டு கால். உள்ளே எலும்பு தானா வந்துடும், நடையும் தானா வந்துடும்."

"நண்டுக்கு ஏது சார் எலும்பு?"

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது மேம்."

ஒரு பட்டனைத் தட்டினார். திரையில எட்டு கால் உருவம் ஒண்ணு விறுவிறுன்னு நேரா எங்களைப் பார்த்து நடந்து வந்தது.

"சார், நேரா வருதே."

"திருப்பிடலாம் மேம்." உருவத்தைப் பக்கவாட்டுல திருப்பினார். இப்ப அது எங்களுக்குப் பக்கவாட்டுல, அதோட மூஞ்சிக்கு நேரா நடந்தது.

"அது மூஞ்சிய எங்க வெச்சிருக்கு பாருங்க. நண்டு பார்க்கறது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம் சார். எங்க வார்டுல ஓட்டு கேட்டு வர்றவங்க மாதிரி."

சாருக்கு முகம் சிவந்துடுச்சு. "மேம், ஸ்பைடர்ல இது வராது. உங்க நண்டையே நாலு பக்கமும் போட்டோ எடுத்து மாடல் பண்ணாத்தான் வரும். ஆனா இப்படி கையை மடக்கிக் கட்டி வெச்சா மாடல் எடுக்க முடியாது. கை காலெல்லாம் விரிச்சு வெச்சிருக்கணும். மனுஷ மாடல்கூட கையை விரிச்சு நிக்க வெச்சுத்தான் எடுப்போம்."

நியாயமாத்தானே பேசறார்? கயித்து முடிச்சுல கையை வெச்சேன்.

"அம்மா, வேணாம்மா! தேசம்மா ஆன்ட்டி சொன்னாங்கல்ல?"

"இருபத்தாறு வருஷமாடி!"

இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கறேன். நான் இருபத்தாறு வருஷமா கழுவற நண்டெல்லாம் ஏற்கெனவே செத்தது. தேசம்மா ஓடு உடைச்சு, சுத்தம் பண்ணி, பையில போட்டுக் கொடுக்கறது. உயிரோட இருக்கற நண்டுக்கும் எனக்கும் அன்னைக்குத்தான் முதல் அறிமுகம்.

கயிறு அவுந்தது. நண்டு கையை விரிச்சது. சார் சொன்ன மாதிரியே, அவ்வளவு அழகா, ரெண்டு பக்கமும்!

"பர்ஃபெக்ட்"னு சார் சொல்லி முடிக்கல, அது மேசை ஓரத்துல இருந்து தொப்புனு கீழே குதிச்சது.

இப்ப அந்த போர்டை ஞாபகப்படுத்திக்கோங்க. செருப்பை வெளியில விடவும். அந்த ஹால்ல பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க, பிரீத்தி, சார், நான், நிவி, அத்தனை பேரும் வெறுங்கால்!

எல்லாரும் நாற்காலி மேல ஏறினாங்க. எல்லாமே சுத்தற நாற்காலி. ஏறினவங்க எல்லாம் கோயில் ராட்டினம் மாதிரி சுத்தினாங்க. டிராகன் சட்டை சார் மேசை மேலயே ஏறி நின்னுட்டார். வாழ்க்கை முழுக்க ராட்சசங்களையே உருவாக்கறவர்!

நண்டு சி.பி.யூ. வரிசைக்குப் பின்னால போச்சு. ஒரு மவுஸ் ஒயரைப் பிடிச்சு இழுத்தது. மேல இருந்த மவுஸ் தரையில விழுந்து அது பின்னாலயே போச்சு.

"எலி! எலி!"ன்னு யாரோ கத்தினாங்க. அது மவுஸ்தான்னு சொல்ல யாருக்கும் மூச்சு இல்ல.

என் பொண்ணு எங்கேன்னு பார்க்கறேன். தரையில! குப்புறப் படுத்துக்கிட்டு, போனைத் தரையோட தரையா வெச்சு, நண்டு கண்ணு உயரத்துல படம் பிடிக்கறா!

"எழுந்திருடி! மூக்கைப் பிடிச்சுடப் போகுது!"

"மா, லைட்டை மறைக்காத! தள்ளு! எப்படிப் போகுது பாரேன்!"

வேற வழியில்லாம தேசம்மாவுக்கு போன் போட்டேன்.

"அவுத்தியா?" அவ முதல் கேள்வியே அதுதான்.

"அது வந்து தேசம்மா, மாடலுக்கு கையை விரிச்சு..."

"படிச்சவங்கோ நீங்கோ. சொன்னா கேக்க மாட்டீங்கோ. கத்தாத. மேல துணியப் போத்து. பின்னால போய் புடி, கொடுக்கு எட்டாது."

துணிக்கு எங்கே போறது? பிரீத்தியோட துப்பட்டாவைப் பார்த்தேன். அவ ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. சுவத்துல ஒரு பானர் இருந்தது, "உங்கள் கனவுகளுக்கு உயிர் கொடுக்கிறோம்"னு. அதைப் பிய்ச்சு நண்டு மேல போட்டேன்.

பானருக்கு உயிர் வந்துடுச்சு.

கனவுகளுக்கு உயிர் கொடுக்கிறோம்னு எழுதின அந்தப் பானர் பக்கவாட்டுலயே நடந்து, ஹாலைக் கடந்து, பாத்ரூம் பக்கம் போனது. அந்த இடத்துல ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒழுங்கா நடந்த ஒரே அனிமேஷன் அதுதான்.

பாத்ரூம் வாசப்படியில அது நின்னப்ப பின்னால போய் அமுக்கினேன். பானர் மூலையில கொடுக்கால ஒரு ஓட்டை போட்டு வெளியில எட்டிப் பார்த்தது. பானரோட சேர்த்து சுருட்டி, கூடையில கொட்டி, பானரைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மேம், இனிமே நீங்க வர வேண்டாம்"னு பிரீத்தி சுத்தமான தமிழ்ல சொன்னா.

வீட்டுக்கு வந்தோம். நான் கை கால் கழுவிட்டு வர்றதுக்குள்ள நிவி அந்த இலவச சாஃப்ட்வேரை இறக்கி வெச்சிருந்தா. நண்டைக் கைப்பிடி இல்லாத சோப்புத் தூள் பக்கெட்ல விட்டேன். சும்மா வந்த பக்கெட்தான். ஒழுகல.

அடுத்த மூணு நாள் எங்க வீட்டு பாத்ரூம்ல நண்டு, அதுக்கு எதிர்ல ஸ்டூல் போட்டு, ஹால்ல இருந்து ஒயர் இழுத்து, லேப்டாப்போட நிவி. என் வீட்டுக்காரர் குளிக்க வெளியில நின்னு அனுமதி கேட்டார்.

"பத்து செகண்டு நடக்கறதுக்கு மூணு நாளா? நான் மூணு நாள்ல ஒரு கப்பலையே காலி பண்ணிடுவேன்"னார்.

"உங்க கண்டெய்னருக்கு கால் இல்லப்பா"ன்னா நிவி.

சனிக்கிழமை காலையில நடக்க வெச்சுட்டா. பார்த்தேன், பிரமாதமா இருந்தது. ஆனா என் கண்ணை நான் இப்ப நம்பறதில்ல. போன்ல ஏத்திக்கிட்டு ரெண்டு பேரும் காசிமேட்டுக்குப் போனோம்.

தேசம்மா கையைத் துடைச்சுக்கிட்டுப் பார்த்தா. திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தா.

"இது நண்டு இல்ல பாப்பா. மப்புல கீற செலந்தி."

நிவி முகம் விழுந்துடுச்சு. நாளைக்கு அஞ்சு மணி.

"கடசி ரெண்டு காலு துடுப்பு. தண்ணில நீந்தறதுக்கு. அத்த ஏன் தரையில ஊணிகினு போவுது? அப்பால, எட்டு காலும் ஒரே மாதிரி வேல செஞ்சா அது பள்ளிக்கூடத்து டிரில்லு. போற பக்கத்துக் காலு இழுக்கும், இந்தப் பக்கத்துக் காலு தள்ளும். ஆளுக்கு ஒரு வேல." மீன் வெட்டற பலகை மேல விரலால நடந்து காட்டினா.

அங்கேயே நின்னு நிவி எழுதிக்கிட்டா. மூணு வாரம் கட்டம் போட்ட அதே நோட்டு. அதுல உருப்படியா எழுதின முதல் பக்கம்.

வண்ணாரப்பேட்டை வரைக்கும் போய்த் தேடியும் ஒரு சாஃப்ட்வேர்லயும் இல்லாத விஷயம், மீன் பலகை மேல இருந்தது!

ஞாயித்துக்கிழமை. லேப்டாப்புக்கு பேட்டரி செத்து வருஷமாச்சு, கரண்ட்ல மட்டும்தான் ஓடும். நிவி ராத்திரியெல்லாம் திருத்தின நடையை அது படம் படமா சேர்த்து வீடியோவாக்கிக்கிட்டே இருக்க, காலையில இருந்து நாங்க மூச்சு விடாம உக்காந்திருந்தோம். அன்னைக்கு வீட்டுல மிக்ஸி போடல, மோட்டார் போடல, துணி தேய்க்கல. ஃபியூஸ் போனா மகளும் போயிடுவா, நேரா பேங்க் கோச்சிங்குக்கு. என் வீட்டுக்காரர் பனியனோட மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல காவலுக்கு நின்னார். யாரும் சொல்லல, அவரா போய் நின்னார்.

நாலு ஐம்பதுக்கு அனுப்பினா.

பத்து நாள் கழிச்சு நேர்ல கூப்பிட்டாங்க. இந்த நடையை எங்கே பார்த்தேன்னு கேட்டிருக்காங்க. இவ பானர் கதையையும் தேசம்மா கதையையும் சொல்லியிருக்கா. சிரிச்சு முடிச்சுட்டு வேலை கொடுத்துட்டாங்க.

"எந்த சாஃப்ட்வேர்ல பண்ணேன்னு கேட்டாங்களாடி?"

"கேக்கலம்மா. அவங்க ஆபீஸ்ல வேற ஒண்ணாம். வந்ததும் கத்துக்கோன்னுட்டாங்க."

மூணு வாரக் கட்டம்!

நண்டை எண்ணூர் கழிமுகத்துல விட்டுடலாம்னா நிவி. "அந்தத் தண்ணியிலயா? அதுக்கு நம்ம பக்கெட்டே சுத்தம்"னார் அவங்க அப்பா. கடைசியில தேசம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்தேன். நான் ரோட்டைத் தாண்டறதுக்குள்ள, "கம்ப்யூட்டர்ல நடிச்ச நண்டு"ன்னு கூவி வித்துட்டா. நிவிகிட்ட கடல்ல விட்டாச்சுன்னு சொல்லியிருக்கேன். பயமில்ல, என் பதிவெல்லாம் அவ படிக்க மாட்டா. அம்மாவை மியூட் பண்ணி வெச்சிருக்கா.

போன வாரம் குடம் வாங்க வண்ணாரப்பேட்டை போனேன். புடவைக் கடை மாடியில என் பொண்ணு படம்! "வேலைவாய்ப்பு பெற்ற எங்கள் மாணவி"ன்னு இவ்வளவு பெரிய எழுத்து. ரிஜிஸ்டர்ல பேர் இருக்கே, போதாதா? போட்டோவை எங்கே இருந்து எடுத்தாங்களோ.

மேல ஏறிப் போய் நாலு வார்த்தை இங்கிலீஷ்ல கேட்டுட்டு வரலாம்னு படியில கால் வெச்சேன். அப்பதான் கவனிச்சேன். புது பானர்கூட இல்ல, பழசு மேலயே ஒட்டியிருக்காங்க. மூலையில நண்டு போட்ட அந்த ஓட்டை அப்படியே இருந்தது.

கையெழுத்து போட வேண்டியவரே போட்டுட்டாருன்னு, குடத்துக்குத் தண்ணி கேட்கப் போயிட்டேன்.